சைக்கிள் கம்ப்யூட்டரை வைத்து உடல் தேறுவதை அளப்பது எப்படி?

டெங்கு வந்து படுத்து எழுந்த மூன்றாவது வாரம். "மெதுவாக ஆரம்பிக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை ஐந்தரை மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினேன். கால் நன்றாகத்தான் இருந்தது. மணிக்கு 24 கிலோமீட்டர் என்ற பழைய வேகம் தானாகவே வந்துவிட்டது. மூச்சு கொஞ்சம் வாங்கியது. இத்தனை நாள் படுத்தே கிடந்தோமே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பாலவாக்கம் தாண்டும்போது ஹேண்டில்பாரில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தேன். இதயத் துடிப்பு 161. காய்ச்சலுக்கு முன்பு இதே சாலையில், இதே வேகத்துக்கு, 135தான் இருக்கும்.

ஓரமாக நிறுத்தி, துடிப்பு இறங்கும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். அந்த எண் கண்ணில் படாமல் இருந்திருந்தால் கோவளம் வரை போயிருப்பேன்.

புதிதாகச் சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பெரும்பாலானோர் வேகத்தைப் பார்க்கத்தான் வாங்குகிறார்கள். வேகம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உடம்பைப் பற்றி அது தனியாக ஒன்றும் சொல்லாது. பின்னாலிருந்து காற்று தள்ளினால் ஏறும், டயரில் காற்று குறைந்தால் இறங்கும், யார் பின்னாலாவது ஒட்டிப் போனால் ஏறும். அந்த வேகத்துக்கு இதயம் எத்தனை முறை துடித்தது, நிறுத்திய பிறகு எவ்வளவு சீக்கிரம் அடங்கியது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் உடம்பின் நிலை தெரியும். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எது இருந்தால் போதும்

சக்கரத்தில் காந்தம் கட்டி ஓடும் பழைய மாடல்கள் வேகத்தையும் தூரத்தையும் மட்டும் காட்டும். இந்த வேலைக்கு அவை போதாது. ஜிபிஎஸ் உள்ள, இதயத் துடிப்பு சென்சாரோடு இணையக்கூடிய ஒரு கருவி வேண்டும். கார்மின் எட்ஜ், வாஹூ, பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட் என்று பல இருக்கின்றன. இங்கே சொல்லப்போகிற வேலைக்கு அவற்றின் அடிப்படை மாடலே போதும். வரைபடம், வண்ணத் திரை எல்லாம் வழி தேடுபவர்களுக்கு.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம், துடிப்பை அளக்க நெஞ்சில் கட்டிக்கொள்ளும் மார்புப் பட்டை. கம்ப்யூட்டரில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது நல்ல பட்டையாக வாங்குங்கள். ஆன்ட் பிளஸ், புளூடூத் என்ற இரண்டு கம்பியில்லாத் தொடர்பு முறைகளிலும் பேசக்கூடியதாக இருந்தால் பின்னால் கருவியை மாற்றினாலும் அதே பட்டை உதவும்.

கையில் ஸ்மார்ட்வாட்ச் இருக்கிறதே, அது போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். நடைக்கும் தூக்கத்துக்கும் போதும். சைக்கிளில் மணிக்கட்டு வளைந்திருக்கும், ஹேண்டில்பார் அதிரும், பிடி இறுகும். தோல் வழியே ஒளி பாய்ச்சி அளக்கும் வாட்ச் இதில் தடுமாறும். சில சமயம் துடிப்பை விட்டுவிட்டு உடம்பின் அசைவைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 85 முறை மிதிக்கிறீர்கள், வாட்ச் துடிப்பும் 85 என்றே காட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அது இதயத்தின் எண்ணா என்று சந்தேகப்படுங்கள். மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேராகப் பிடிப்பதால் இந்தக் குழப்பம் வராது.

மிதிக்கும் வேகத்தைச் சொல்லும் கேடன்ஸ் சென்சார் இருந்தால் நல்லது. மிதிக்கும் திறனை வாட்ஸில் அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் மிகவும் நல்லது, ஆனால் விலை அதிகம். முதல் வருடம் அது இல்லாமலேயே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

படி 2: பொருத்துவது

கம்ப்யூட்டரை ஹேண்டில்பாருக்குச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மவுண்டில் மாட்டினால் தலையை அதிகம் குனியாமல் பார்க்கலாம். கேடன்ஸ் சென்சாரை இடப்பக்க கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கும் கையின், உட்புறத்தில் கட்டுங்கள். கட்டியதும் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்து, சட்டத்தில் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான சென்சார்கள் தூங்கிக்கொண்டிருக்கும். கிராங்கை இரண்டு சுற்று சுற்றினால்தான் விழித்துக் கம்ப்யூட்டரின் கண்ணில் படும்.

சக்கரத்தில் தனி வேக சென்சார் வைத்திருப்பவர்கள் சக்கரச் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 700×28 டயருக்குச் சுமார் 2136 மில்லிமீட்டர் என்று அட்டவணை சொல்லும். நீங்களே அளப்பது இன்னும் நல்லது. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தரையிலும் அதற்கு நேராகக் கோடு போட்டு, சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டி, மறுபடி கோடு தரையைத் தொடும் இடம் வரை டேப் வைத்து அளந்தால் முடிந்தது. உட்கார்ந்து அளப்பது முக்கியம். உங்கள் எடையில் டயர் கொஞ்சம் அமுங்கும்.

மார்புப் பட்டையின் உட்பக்கத்தில் உள்ள இரண்டு ரப்பர் பட்டைகளையும் தண்ணீரில் நனைத்துத்தான் கட்ட வேண்டும். காய்ந்த பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் முதல் பத்து நிமிடம் 190, 60, 205 என்று தாறுமாறாக எண்கள் வரும், சிலர் பயந்தே போவார்கள். வியர்வை வந்ததும் சரியாகிவிடும். காற்றில் படபடக்கும் பாலியெஸ்டர் சட்டையும் இதே குழப்பத்தை உண்டாக்கும். வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். உப்பு படிந்த பட்டை சீக்கிரம் கெடும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032, வாட்ச் கடையில் கிடைக்கும். துடிப்பு அடிக்கடி விட்டுவிட்டு வந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

படி 3: உங்கள் எண்களைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது

கருவியைத் தொடங்கும்போது வயது, எடை கேட்கும். வயதை வைத்து அதிகபட்ச இதயத் துடிப்பைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். பழைய கணக்கு 220இலிருந்து வயதைக் கழிப்பது. 2001இல் வந்த இன்னொரு கணக்கு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது. நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே தரும். அறுபது வயதில் ஒன்று 160, மற்றொன்று 166. இரண்டுமே பலரின் சராசரி. உங்கள் இதயம் அந்தச் சராசரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சர்வசாதாரணம். எவ்வளவு கடுமையாகப் போகிறோம் என்று காட்டும் துடிப்பு மண்டலங்களை அந்த எண்ணை வைத்துப் பிரித்தால், நிதானமாகப் போக வேண்டிய நாளில் கடுமையாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், தெரியவே தெரியாது.

ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு நல்ல வழி, அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரப்பிய முப்பது நிமிடச் சோதனை. நன்றாக உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, தனியாக, முப்பது நிமிடம் உங்களால் சீராகத் தாக்குப்பிடிக்க முடிந்த அதிகபட்ச முயற்சியில் மிதிக்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில், அதற்குப் பிறகு வரும் பகுதியைத் தனியாகப் பிரித்துக் காட்டும் லேப் பொத்தானை அழுத்துங்கள். கடைசி இருபது நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் உங்கள் வரம்புத் துடிப்பு. அதற்கு மேல் போனால் உடல் நீண்ட நேரம் தாங்காது.

வரம்பு 160 என்று வைத்துக்கொள்வோம். அதில் 81 முதல் 89 சதவீதம், அதாவது 130 முதல் 142 வரை, இரண்டாம் மண்டலம். உடம்பின் அடித்தளத்தைக் கட்டுவது பெரும்பாலும் இங்கேதான். 130க்குக் கீழே முதல் மண்டலம், தேறுவதற்கான நாட்களுக்கு உரியது. மேலே உள்ளவற்றைக் கம்ப்யூட்டரே பிரித்துக்கொள்ளும். வரம்பு எண்ணை மட்டும் அமைப்புகளில் நீங்கள் கையால் மாற்ற வேண்டும்.

நோயிலிருந்து எழுந்தவர்கள், பல வருடம் கழித்துச் சைக்கிள் ஏறுபவர்கள், நெஞ்சுவலியோ சர்க்கரையோ உள்ளவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பேச்சை வைத்து அளந்துகொள்ளுங்கள். பக்கத்தில் வருபவரிடம் நேற்று இரவு என்ன சாப்பிட்டோம் என்பதை முழு வாக்கியமாக, நடுவில் மூச்சு இழுக்காமல் சொல்ல முடிகிறதா? அந்த வேகத்தில் துடிப்பு எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்தால் உங்கள் நிதானத்தின் மேல் எல்லை தெரிந்துவிடும்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெட்டோபுரோலால், அட்டினலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு எந்தச் சூத்திரமும் பொருந்தாது. 115இலேயே உடம்பு உச்சத்தில் இருக்கலாம். மாத்திரையின் பெயரையும் அளவையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அளவு மாறிய நாளிலிருந்து பழைய எண்களோடு ஒப்பிடக் கூடாது.

படி 4: திரையில் எதை வைப்பது

எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் திரையை நம் விருப்பப்படி அடுக்கலாம். முதல் பக்கத்தில் மூன்றே பெட்டிகள் வையுங்கள்: இதயத் துடிப்பு, கேடன்ஸ், நேரம். வேகத்தை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதலில் கை துறுதுறுக்கும். ஆனால் வேகம் கண்ணில் பட்டால் மனம் அதை 25 ஆக்கப் பார்க்கும், 25 ஆனால் 26 ஆக்கப் பார்க்கும். தேறிவரும் உடம்புக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

அப்புறம் இரண்டு அமைப்புகள். துடிப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒலி எழுப்பும் எச்சரிக்கை பெரும்பாலான கருவிகளில் உண்டு, அதைப் போடுங்கள். பதிவு இடைவெளி என்று ஒன்று இருந்தால் ஒவ்வொரு நொடியும் பதிவாகும்படி வையுங்கள். சிக்னலில் நின்றால் பதிவு தானாக நிற்கும் வசதியை வைப்பதும் எடுப்பதும் உங்கள் இஷ்டம். எதுவானாலும் மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கட்டும்.

படி 5: அளவுகோல் ரைடு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

ஒரே பாதை. ஒரே நேரம். டயரில் ஒரே அளவு காற்று, பம்பின் மீட்டரைப் பார்த்து. முந்தின நாள் ஓய்வு. பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிய பிறகு, நாற்பது நிமிடம் துடிப்பை ஒரே இடத்தில் பிடித்து வைத்து மிதிப்பது. எனக்கு அந்த இடம் 135. எதிர்க்காற்று வந்தால் வேகம் குறையட்டும், கியரைக் குறையுங்கள். பின்காற்று வந்தால் வேகம் ஏறட்டும். துடிப்பு மட்டும் 133க்கும் 137க்கும் நடுவே.

என் பாதை உத்தண்டி சுங்கச்சாவடியிலிருந்து முட்டுக்காடு பாலம் போய்த் திரும்புவது. திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை உடம்பு சூடாகிவிடும். அதன் பிறகு சிக்னல்கள் குறைவு. சென்னைக்காரர்களுக்குத் தலைவலி காற்றுதான். மார்கழியில் வாடை அடிக்கும்போது தெற்கே போவது சுகம், திரும்பி வருவது பாடு. போய்த் திரும்பினால் இரண்டும் சமமாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. எதிர்க்காற்றில் அதிக நேரம் செலவாகிறது, பின்காற்று கொடுப்பதைவிட எதிர்க்காற்று பிடுங்குவது அதிகம். அதனால் காற்று பலமான நாளில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுகிறேன். சேலத்தில் இருப்பவர்களுக்கு ஏற்காடு மலைப்பாதை இருக்கிறது, கோவையில் மருதமலை இருக்கிறது. ஏற்றத்தில் வேகம் குறைவு, காற்றின் குறுக்கீடும் குறைவு. அளவுகோலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டாம் மண்டலத்திலேயே ஏற முடிகிற அளவு சின்ன கியர் மட்டும் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கணக்குப் போடுங்கள். நாற்பது நிமிடத்தில் போன தூரத்தை மீட்டரில் எடுத்து, மொத்தத் துடிப்புகளால் வகுக்க வேண்டும். சராசரித் துடிப்பை நிமிடங்களால் பெருக்கினால் மொத்தத் துடிப்பு. மணிக்கு 24 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 400 மீட்டர். 135ஆல் வகுத்தால் 2.96. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் போகிறேன் என்று பொருள். பவர் மீட்டர் இருந்தால் தூரத்துக்குப் பதில் சராசரி வாட்ஸைப் போட்டுச் சராசரித் துடிப்பால் வகுங்கள். காற்றுப் பிரச்சினை பெருமளவு போய்விடும்.

காய்ச்சலுக்கு முன் என் எண் 2.96. ஆறாவது வாரம் முதல் சோதனை செய்தபோது அதே 135 துடிப்புக்கு வேகம் 19.8தான் வந்தது: 2.44. பார்த்ததும் மனது உடைந்துபோனது. ஆனால் அந்த எண்தான் அடுத்த பத்து வாரம் என்னைப் பிடித்து வைத்தது. ஒன்பதாவது வாரம் 2.62. பன்னிரண்டாவது வாரம் 2.78. எனக்கு உள்ளுக்குள் எந்த மாற்றமும் தெரியாத நாட்களில்கூட அந்த எண் ஏறிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். வாராவாரம் செய்தால் தூக்கம், வெயில், காற்று ஆகியவற்றின் ஆட்டத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

படி 6: பாதிக்கு மேல் துடிப்பு ஏறுகிறதா?

ஒரு மணி நேரத்துக்கு மேல் நிதானமாகப் போகிற ரைடில், சரியாகப் பாதியில் லேப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு பாதிக்கும் தனித்தனியாக, ஒரு துடிப்புக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிடுங்கள். முதல் பாதி மணிக்கு 24 கிலோமீட்டர், துடிப்பு 132. இரண்டாம் பாதி 23.5, துடிப்பு 138 என்றால் 3.03 என்பது 2.84 ஆகிவிட்டது. ஆறு சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல் சரிவு. ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் அந்த நேர அளவுக்கு உடம்பு பழகிவிட்டது என்று பயிற்சியாளர்கள் கொள்கிறார்கள். தாண்டினால் தூரத்தை இன்னும் கூட்ட வேண்டாம், அதே நேரத்தையே சில வாரம் தொடருங்கள்.

நம் ஊரில் இதைப் படிக்கும்போது வெயிலைக் கழித்துக்கொள்ள வேண்டும். உடம்பு சூடாகும்போது சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு குறைய, அது அடிக்கடி துடித்து ஈடுகட்டுகிறது. அதனால் கத்திரி வெயிலில் எடுத்த எண்ணை மார்கழியில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு, "நான் பலவீனமாகிவிட்டேன்" என்று கவலைப்பட வேண்டாம். மே மாதத்தை முந்தைய வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் வெப்பநிலையை எழுதி வைப்பது இதற்குத்தான்.

படி 7: நிறுத்திய பிறகு வரும் இரண்டு நிமிடங்கள்

பலர் ரைடு முடிந்ததும் சேவ் பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். உடல் தேறுவதைப் பற்றிய மிக நேர்மையான தகவல் அப்போதுதான் வருகிறது.

சற்று வேகமான கடைசிப் பகுதியை முடித்து, துடிப்பு உங்களுக்கென்று வைத்த ஓர் எண்ணில் இருக்கும்போது, எனக்கு 150, ஓரமாக நிறுத்துங்கள். இரண்டு காலும் தரையில், சைக்கிள் கால்களுக்கு நடுவே. லேப் பொத்தானை அழுத்திவிட்டு அசையாமல் நில்லுங்கள். பேசாதீர்கள், போனை எடுக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை இறங்கியது, இரண்டாவது நிமிடத்தில் எத்தனை? இரண்டையும் குறித்துக்கொண்ட பிறகு சேவ் செய்யலாம். எப்போதும் இதே மாதிரி நின்று அளக்க வேண்டும். உட்கார்ந்தால் ஒரு விதமாக இறங்கும், மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தால் வேறு விதமாக இறங்கும்.

மிதிப்பதை நிறுத்தியதும், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு மறுபடி பிடியை எடுத்துக்கொண்டு இதயத்தை அடக்குகிறது. உடல் நன்றாகத் தேறியிருந்தால் அந்தப் பிடி விரைவாக வரும். ஆறாவது வாரத்தில் எனக்கு ஒரு நிமிடத்தில் 17 இறங்கியது, பதினைந்தாவது வாரத்தில் 31.

1999இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள், டிரெட்மில் சோதனைக்குப் பிறகு முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாக மட்டுமே துடிப்பு இறங்கியவர்களிடம் பிற்கால ஆபத்து அதிகம் என்று கண்டு எழுதினார்கள். அது மருத்துவமனையில் குறிப்பிட்ட முறையில் செய்த சோதனை. சாலையோரம் நின்று எடுத்த எண்ணை அதோடு வைத்து நோய் முடிவு செய்யக் கூடாது. ஆனால் வாரக்கணக்கில் உங்கள் துடிப்பு இப்படியே மந்தமாக இறங்கினால், பதிவுகளை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

படி 8: இன்று போகலாமா, வேண்டாமா?

காலையில் எழுந்ததும், காபிக்கு முன்பு, படுத்தபடியே நாடி பிடித்து அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குங்கள். வாட்ச் கட்டித் தூங்குபவர்களுக்கு அது தானே பதிவாகிவிடும். இந்த வேலைக்கு வாட்ச் நன்றாகவே உதவும். இரண்டு வாரச் சராசரி தெரிந்த பிறகு, ஒரு நாள் ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்று நிதானம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அப்படியே இருந்தால் சைக்கிளைத் தொட வேண்டாம். பல சமயம் சளியோ காய்ச்சலோ வருவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

கிளம்பிவிட்டீர்கள் என்றால் முதல் பதினைந்து நிமிடம் சொல்லும். வழக்கமான நிதானத்துக்கு 118 இருக்க வேண்டிய இடத்தில் 130 இருந்தால், ரைடைப் பாதியாக்குங்கள்.

இதன் மறுபக்கம் பலருக்குத் தெரியாது. சில நாள் எவ்வளவு மிதித்தாலும் துடிப்பு ஏறவே ஏறாது. கால் கல்லாகக் கனக்கும். "ஆஹா, துடிப்பு குறைவாக இருக்கிறதே, ஃபிட்னஸ் கூடிவிட்டது" என்று தோன்றும். கால் லேசாக இருந்து துடிப்பும் குறைந்தால்தான் அது முன்னேற்றம். கால் கனத்துத் துடிப்பும் ஏற மறுத்தால் அது களைப்பு. அதனால்தான் ஒவ்வொரு பதிவிலும் கால் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்கிறேன்.

படி 9: கருவி தானே தரும் கணக்குகள்

ரைடு முடிந்ததும் "தேற 36 மணி நேரம்" என்பது போலச் சில கருவிகள் காட்டும். கார்மின் கருவிகளில் இருக்கும் இந்தக் கணக்கு பின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் நிறுவனத்திலிருந்து வந்தது. 2020இல் கார்மின் அதன் பகுப்பாய்வுப் பிரிவையே வாங்கிவிட்டது. துடிப்பின் போக்கை வைத்துப் போடப்படும் நல்ல மதிப்பீடு. ஆனால் படி 3இல் சொன்ன எண்கள் தவறாக இருந்தால் இதுவும் தவறு. இரவு குழந்தைக்குக் காய்ச்சல், நீங்கள் விழித்திருந்தீர்கள் என்பதும் அந்த ரைடு கணக்குக்குத் தெரியாது. கருவி காட்டுவதைவிட அதிகமாக ஓய்வெடுங்கள், குறைவாக எடுக்காதீர்கள்.

இன்னொன்று பயிற்சிச் சுமையின் வரைபடம். இதன் வேர் 1970களில் கனடாவில் ஆய்வாளர் எரிக் பானிஸ்டர் அமைத்த கணக்கு மாதிரி: ஒவ்வொரு பயிற்சியும் உடலில் கொஞ்சம் வலுவையும் கொஞ்சம் களைப்பையும் சேர்க்கிறது, களைப்பு சீக்கிரம் கரையும், வலு மெதுவாகக் கரையும். பின்னர் அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் ஆண்ட்ரூ காகன் பவர் மீட்டர் காலத்துக்கு ஏற்ப இதை எளிமையாக்கினார். வரம்பு நிலையில் ஒரு மணி நேரம் மிதித்தால் 100 புள்ளி. 42 நாள் சராசரி உங்கள் வலுவைக் குறிக்கும், 7 நாள் சராசரி களைப்பைக் குறிக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நீங்கள் எவ்வளவு புத்துணர்ச்சியோடு இருக்கிறீர்கள் என்பது தெரியும். பவர் இல்லாதவர்களுக்குத் துடிப்பை வைத்தே இதைப் போட்டுத் தரும் இன்டர்வல்ஸ் ஐசியு, கோல்டன் சீட்டா போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன.

புதியவர்கள் முதல் ஆறு வாரம் இந்த வரைபடத்தைத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. 42 நாள் தகவல் சேராமல் அந்தக் கோட்டுக்கு அர்த்தமில்லை. சேர்ந்த பிறகும் அதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: களைப்புக் கோடு வலுக் கோட்டைத் தாண்டி வாரக்கணக்கில் மேலேயே நிற்கிறதா? நின்றால் ஒரு வாரம் பாதியாகக் குறையுங்கள்.

நோயிலிருந்து எழுந்தவர்களுக்குத் தனியாக

காய்ச்சல் இருக்கும்போது சைக்கிள் கூடவே கூடாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையே தாக்கும். அந்த நேரத்தில் உடம்பை வருத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். காய்ச்சல் விட்டு, டாக்டர் சரி என்ற பிறகு, எச்சரிக்கை ஒலியை முதல் மண்டலத்துக்குள்ளேயே வையுங்கள். நான் 120இல் வைத்தேன். முதல் வாரம் இருபது நிமிடம், வீட்டைச் சுற்றி. காலை நாடி பழைய சராசரிக்கு அருகில் வந்த பிறகு முப்பது நிமிடம். அது வந்து ஒரு வாரம் நிலைத்த பிறகுதான் ஒலியை 135க்கு ஏற்றினேன். பாலவாக்கத்தில் நான் திரும்பி வந்தது இந்த வரிசையைத் தாண்டிக் குதித்ததால்தான்.

நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், காரணமில்லாமல் துடிப்பு தாவித் தாவி ஓடுவது ஆகியவற்றில் எது வந்தாலும் கம்ப்யூட்டர் என்ன காட்டினாலும் சரி, நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். பட்டை காய்ந்திருந்தாலும் எண் தாவும்தான். சந்தேகமாக இருந்தால் கழுத்தில் விரல் வைத்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

என் குறிப்பேட்டில் ஒரு ரைடுக்கு ஒரு வரிதான் இருக்கும். பதினைந்தாவது வாரத்தின் வரி இது: "மாசி, காற்று லேசு, 24 டிகிரி. தூக்கம் 7 மணி. காலை நாடி 54. 135க்கு 23.8. ஒரு துடிப்புக்கு 2.94. இறக்கம் 31. கால் லேசு." எழுதி முடித்துவிட்டு எச்சரிக்கை ஒலியை 135இலிருந்து 142க்கு மாற்றினேன்.